புரட்டாசிச் சனிக்கிழமைப் பன்றி

வெடிச் சத்தம் கேட்டபோது நான் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயெல்லாம் நுரை. கிழக்கே அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. தென்னையில் இருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பி, எங்கே போவதென்று தெரியாமல் திரும்பவும் அதே மரத்தில் வந்து உட்கார்ந்தன.

என் கணவர் ரங்கராஜ் துப்பாக்கியோடு வாழைக்குள் போயிருந்தார். அது தெரிந்ததால் நான் பதறவில்லை. அவர் சுட்டால் ஆபத்து ஆகாயத்துக்குத்தான் என்பது காரமடைக்கு மேற்கே மலையடிவாரம் வரை எல்லாரும் அறிந்த விஷயம். கல்யாணமான புதிதில் என்னை அசத்துவதற்காக ஓர் இளநீர்க் குலையைக் குறிபார்த்துச் சுட்டார். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் ஓடு உடைந்தது. இளநீர் பிறகு ஆளேறி வெட்டித்தான் குடித்தோம்.

ஆனால் இந்தமுறை வெடிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. நுரையோடு ஓடினேன்.

வாழைக்குள் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு காட்டுப்பன்றி கிடந்தது. நல்ல பெரிய ஆண் பன்றி, பிடரி மயிர் இன்னும் விறைத்தபடி. நாலடி தள்ளி எங்கள் பண்ணையில் வேலை செய்யும் கருப்பாத்தாள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்கால் கிழிந்து இரத்தம் சேற்றில் கலந்துகொண்டிருந்தது. என் கணவர் துப்பாக்கியைக் குடை மாதிரி கையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"அம்மணி, பட்டுப்போச்சு" என்றார்.

அவர் குரலில் இருந்தது பயமா பெருமையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நடந்தது இதுதான். விரதச் சனிக்கிழமை என்று தலைவாழை இலை அறுக்கப் போயிருக்கிறாள் கருப்பாத்தாள். வாழைக் கிழங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருந்த பன்றி அவள்மேல் பாய்ந்து காலைக் கிழித்தது. திரும்பவும் பாய்வதற்கு அது சுற்றி வந்தபோது இவர் சுட்டார். இவராலும் தவறவிட முடியாத அளவுக்கு அது பக்கத்தில் வந்துவிட்டது.

பின்னாலேயே என் மாமியார் ஆண்டாளம்மா வந்து சேர்ந்தார். குளித்து, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டு, கையில் துளசிச் செம்போடு. கருப்பாத்தாளின் காலில் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினார். கட்டி முடித்தபிறகுதான் பன்றியைப் பார்த்தார்.

"ரங்கா, புரட்டாசிச் சனிக்கெழமை அதுவுமா அவதாரத்தைச் சுட்டுப்போட்டியே!"

எங்கள் வீட்டில் பெருமாள் தவிர வேறு தெய்வத்துக்குப் பேச்சில்லை. பெருமாள் பன்றியாகவும் வந்தவர். இதை மறந்துதான் என் கணவர் சுட்டுவிட்டார்.

பொய் வராத வாய்

இந்தத் தொடரில் என் மாமியாரைப் பற்றி நல்லதாக ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்று என் கணவருக்கு மனக்குறை. வாராவாரம் கடையில் இதழை வாங்கி, அங்கேயே நின்று படித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார். அவருக்காக இந்த வாரம்.

என் மாமியாருக்குப் பொய் வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்கு விசில் அடிக்க வராது. அந்த மாதிரி. பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தைகள் இவை:

"பையனுக்குக் கொறட்டைங்க. பி.ஏ.ல ரெண்டு பேப்பர் பாக்கிங்க. துப்பாக்கி இருக்குது, சுட வராதுங்க. மத்தபடி நல்ல பையனுங்க."

இவ்வளவு உண்மை பேசும் வீட்டில் பெண் கொடுக்கலாம் என்று என் அப்பா பூரித்துப் போனார். அந்த வீட்டில் மூன்று வேளையும் சமைக்கப் போவது அவரல்லவே.

நான் கோவையில் மில்லுக்குப் பக்கத்து லைன் வீட்டில் வளர்ந்து பி.காம். முடித்தவள். சமையல் அவ்வளவாக வராது. முதல் நாள் வைத்த சாம்பாரை ஒரு வாய் எடுத்து, "கண்ணு, இது மாட்டுக்கு வெக்கிற கழுநித்தண்ணியாட்ட இருக்குது. உப்பு மட்டும் சரியா இருக்குது" என்றார். எதைச் சாப்பிட்டாலும் உப்பைப் பற்றி ஒரு தீர்ப்பு வந்தே தீரும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தும் சொல்வார், கோயில் பிரசாதத்தை வாங்கியும் சொல்வார். காரமடைத் தேருக்கு ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வந்த ஒருவர் ஆசையாக முறுக்கு சுட்டுக் கொண்டுவந்து, இவர் தீர்ப்பைக் கேட்டபிறகு அடுத்த வருடம் தேருக்கே வரவில்லை.

மற்ற மாதங்களில் எங்கள் வீட்டில் கோழியும் ஆடும் சமைப்பதுண்டு. அத்தை மட்டும் மாமனார் போன நாளிலிருந்து கறியைக் கையால் தொட்டதில்லை. புரட்டாசி வந்தால் வீட்டுக்கே விரதம். சனிக்கிழமைகளில் சாயங்காலம் மாவிளக்குப் போடும்வரை அவருக்குப் பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது. நாக்கு வறண்டு தொண்டை கம்மினாலும் செம்பைத் தொடமாட்டார்.

இத்தனையையும் நான் குறையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தச் சனிக்கிழமை வரை.

சர்க்கார் சொத்து

கருப்பாத்தாளை அவள் புருஷன் மருதன் பால் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். நானும் என் கணவரும் டி.வி.எஸ். ஃபிப்டியில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், கடைக்காரர் ஊதுபத்தி காட்டி முடிக்கும்வரை காத்திருந்து, கோவையில் வக்கீலாக இருந்த என் அண்ணனுக்கு போன் போட்டோம்.

"பன்னி ஆள்மேல பாஞ்சுதா, வாழையைத் தின்னுச்சா?" என்றான் அண்ணன்.

"ரெண்டுந்தாண்ணா."

"பாஞ்சதை மட்டும் சொல்லு. வாழையை மறந்துரு."

சட்டம் அவன் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. காட்டு மிருகம் மனுஷன்மேல் பாய்ந்து, உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் சுட்டால் குற்றமில்லை. பயிரைத் தின்கிறது என்றால் சுடக்கூடாது. மனுப் போட வேண்டும். மனு மேலே போய், அதற்கும் மேலே போய், பன்றி பொல்லாததுதான் என்று மெட்ராசில் ஒருவர் ஒத்துக்கொண்டு உத்தரவு போட வேண்டும். அதற்குள் வாழை குலை தள்ளி, வெட்டி, அதன் கன்றும் குலை தள்ளிவிடும். பன்றிக்கும் பேரன் பேத்தி பிறந்துவிடும்.

"இப்பப் பன்னி எங்கே?"

"தோட்டத்துல கெடக்குது."

"யாரும் தொடாதீங்க. உசுரு போன நிமிசத்துலிருந்து அது சர்க்கார் சொத்து. ஃபாரஸ்ட்காரங்க வந்து பார்த்து, அவங்களே பொதைப்பாங்க. சுட்டதுல உனக்கு ஒண்ணும் வராது. தொட்டாத்தான் வரும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக எங்கள் வாழையைத் தோண்டித் தின்றபோது அந்தப் பன்றிக்குச் சொந்தக்காரர் யாரும் வரவில்லை. கருப்பாத்தாளின் காலைக் கிழித்தபோதும் வரவில்லை. உயிரோடு இருக்கும்வரை எங்கள் வீட்டு ஒறம்பரை, செத்தால் சர்க்கார் வீட்டுப் பிள்ளை. இப்படி ஒரு சொத்து எனக்கு இருந்திருந்தால் நானும் அதை ஊர் வாழையில் மேயவிட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

அந்தத் துப்பாக்கியின் கதை இன்னும் வேடிக்கை. அது என் மாமனார் வாங்கியது. லைசென்சில் காரணம் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று போட்டிருக்கும். அவர் காலத்தில் பன்றி வேட்டை என்றால் அதிகாரிகளே ஜீப்பில் வருவார்களாம். தப்பு அடித்து ஆட்கள் பன்றியைக் கலைத்துவிட, துரை மாதிரி தொப்பி போட்டவர்கள் சுட, பின்னால் எங்கள் களத்தில் எல்லாருக்கும் பந்தி. பயிரைக் காப்பாற்றினீர்கள் என்று மாமனாரின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்களாம். அதே துப்பாக்கி, அதே லைசென்ஸ், அதே வாழை. சட்டம் மட்டும் மாறிவிட்டது. மாறியதை யாரும் துப்பாக்கிக்குச் சொல்லவில்லை.

பூத்திலிருந்து திரும்பி வந்தால் வாய்க்காலில் பன்றியைக் காணோம்.

"நாந்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன்" என்றார் அத்தை.

"அத்தை!"

"கொன்னது ஒரு பாவம். கொன்னதை அழுக உட்டா ரெண்டாவது பாவம். கருப்பாத்தாளைக் கூட்டிட்டு மருதன் ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டான். அவங்களுக்குப் புரட்டாசி கிரட்டாசி ஒண்ணும் இல்லை. எடுத்துட்டுப் போயித் தின்னுங்கன்னு சொன்னேன்."

ஆட்கள் குடியிருந்த சாளைப் பக்கம் புளியமரத்தடியில் புகை கிளம்பிவிட்டது. மிளகும் மல்லியும் வறுபடும் வாசனை காற்றில் வந்தது. சர்க்கார் சொத்து கொதித்துக்கொண்டிருந்தது.

தூக்குப்போசி

சரி, போய்ச் சொல்லிவிடுவோம் என்று என் கணவர் முடிவெடுத்தார். அவருக்கும் பொய் அவ்வளவாக வராது, தாய் வழி. இரண்டு பேரும் வன அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் பகுதி ஃபாரஸ்டர் ரவுண்டு போயிருப்பதாகச் சொன்னார்கள். அவரைத் தேடி ஊர் ஊராக அலைந்து, மதியம் அவர் குடியிருந்த வீட்டுக்கே போனோம்.

ஃபாரஸ்டர் ஞானதாஸ் மார்த்தாண்டத்துக்காரர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். நல்ல மனுஷன். நாங்கள் போனபோது கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க! இப்பம்தான் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறேன். அம்மா தந்தாவ பாத்துக்கிடுங்க, என்ன ருசி! எங்க ஊர்ல கிறிஸ்மஸுக்கு வெக்கும்லா, அதே ருசி. வீட்டு ஞாபகம் வந்து கண்ணு கலங்கிப்போச்சு."

திண்டின்மேல் ஒரு தூக்குப்போசி இருந்தது. மூடியில் 'கருப்பாத்தாள்' என்று வெட்டியிருந்தது. சுத்தமாக வழித்துச் சாப்பிட்டிருந்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆட்கள் என்ன சமைத்தாலும் முதல் பங்கு தோட்டத்துப் பண்ணாடியான எங்கள் வீட்டுக்கு வரும். அதுதான் வழக்கம். கொண்டுவந்த பாத்திரத்தைத் திருப்பி அனுப்பினால் அவமானம். புரட்டாசியில் கறியை வீட்டுக்குள் எடுத்தாலோ பாவம். தூக்குப்போசி வாசலில் நின்றிருக்கிறது. அத்தை கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார். அந்த நேரம் பார்த்துப் புரட்டாசி இல்லாத இன்னொரு மனுஷன், அதுவும் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குகிற மனுஷன், சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். எங்கள் பக்கத்துக்காரர்களின் விருந்தோம்பலுக்குக் கண் கிடையாது. எதிரே நிற்பவர் யார், போட்டிருக்கும் சட்டை காக்கியா என்றெல்லாம் அது பார்க்காது.

"சார், ஒரு சமாச்சாரம் சொல்லோணுமுங்க" என்றார் என் கணவர். "காலையில ஒரு காட்டுப்பன்னி எங்க ஆள்மேல பாஞ்சுதுங்க. வேற வழியில்லாம சுட்டுப்போட்டேனுங்க."

"ஐயோ, ஆளுக்கு ஒண்ணும் இல்லையே? பாஞ்சா சுடலாம், அதுக்குப் பயப்படாதீங்க. எழுதிக்கிடலாம். பாடி எங்க கெடக்கு?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தூக்குப்போசியைப் பார்த்தேன். ஞானதாஸ் எங்கள் கண் போன வழியே பார்த்தார். கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

"ஏசுவே" என்றார்.

"வெள்ளப் பன்னின்னு நெனச்சுக் கேக்காமயே வாங்கிட்டு வந்திருப்பீங்க" என்றேன் ஆறுதலாக.

அவர் பேச வாயெடுப்பதற்குள் வாட்சர் ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார். "சார், ரேஞ்சர் ஐயா ஜீப்புல மேக்கே போயிருக்காருங்க. யாரோ போன் பண்ணிட்டாங்களாமுங்க. ரங்கராஜண்ணன் தோட்டத்துக்குத்தானுங்க."

போன் செய்தது யார் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. ஓடு உடைந்த மோட்டார் ரூமின் சொந்தக்காரர்தான்.

மரியாதையாக ஒரு கைது

நாங்கள் ஞானதாஸோடு போய்ச் சேர்ந்தபோது, அவருடைய மேலதிகாரியான ரேஞ்சர் எங்கள் களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்து மனுஷர். எங்கள் ஊரில் மரியாதை இல்லாமல் ஒன்றும் நடக்காது, வழக்குப் போடுவதும் அப்படித்தான்.

"வாங்க தம்பி, உக்காருங்க. சுட்டது நீங்கதானுங்களா?"

"நாந்தானுங்க."

"அந்தம்மா காலைப் பார்த்தேனுங்க. நீங்க சுடலீன்னா உசுரு போயிருக்குமுங்க. சுட்டதுக்குக் கேஸ் இல்லீங்க, சட்டமே ஒத்துக்குது." காபியை ஒரு மிடறு குடித்தார். "அறுத்ததுக்கும் தின்னதுக்குந்தானுங்க கேஸ்."

புளியமரத்தடியில் தோலும் தலையும் எலும்பும் கிடந்தன. பாதிக் கறி இன்னும் அண்டாவில் இருந்தது. பக்கத்தில் மருதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை. சாளைக்குள்ளிருந்து கருப்பாத்தாளின் முனகல் கேட்டது. ஊர்க்காரர்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். முன் வரிசையில் மோட்டார் ரூம்காரர்.

காலையிலிருந்து நான் என் புருஷனுக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, சட்டம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. மனைவியின் காலைக் கிழித்த பன்றியைத் தின்றதற்காக மருதன் ஜெயிலுக்குப் போகப் போகிறான். அவள் நடக்க முடியாமல் கிடக்கிறாள். கூலிக்குப் போக வேறு ஆளில்லை.

"தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க" என்றார் ரேஞ்சர். "நான் ஆபீசுக்குச் சொல்லப் போயிட்டேன், ஆளுங்க என்னைக் கேக்காம எடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க. உங்க துப்பாக்கியும் தப்பிச்சுக்கும்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்தார். "அப்படிச் சொல்ல முடியாதுங்க."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. களத்தில் அத்தனை பேர் இருந்ததால் விட்டுவிட்டேன்.

அத்தை முன்னால் வந்தார். "எடுத்துட்டுப் போயித் தின்னச் சொன்னது நாந்தானுங்க. மருதன் மேல எழுதாதீங்க. எம்மேல எழுதுங்க."

ரேஞ்சர் அவர் நெற்றியைப் பார்த்தார். கழுத்திலிருந்த துளசி மணியைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, புரட்டாசிச் சனிக்கெழமை, நாமம் போட்ட ஊடு, நீங்க பன்னிக்கறி போடச் சொன்னீங்கன்னு நான் எழுதிட்டுப் போனா கோர்ட்டே சிரிக்குமுங்க. ஆள்காரனைக் காப்பாத்தச் சொல்றீங்க. நல்ல மனசு. ஆனா நம்பற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

வாழ்நாளில் முதன்முறையாக அத்தை சொன்ன உண்மை எடுபடவில்லை. முகம் சுருங்கிப் போய்விட்டது.

"கருப்பாத்தா எப்படி இருக்கறான்னு பார்த்துப்போட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சாளைப் பக்கம் நடந்தார்.

ரேஞ்சர் எழுத ஆரம்பித்தார். மருதனின் அப்பா பெயர் கேட்டார், ஊர் கேட்டார், வயசு கேட்டார். வயசு மருதனுக்குத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் ஞானதாஸ் கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவர் போல நின்றார். நடுநடுவே விக்கல் வேறு.

சற்று நேரத்தில் அத்தை திரும்பி வந்தார். தொட்டியில் செம்பை விட்டு, வாய் கொப்பளித்து, ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். சனிக்கிழமை. மாவிளக்குப் போடவில்லை. பாவம், படபடப்பில் விரதத்தையே மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நேரே ரேஞ்சர் முன்னால் வந்து நின்றார்.

"எழுதிக்குங்க. அந்தப் பன்னியை நானுந்தான் தின்னேன்."

வேலியோரத்தில் ஒரு அம்மா "பெருமாளே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, பொய் சொல்லாதீங்க" என்றார் ரேஞ்சர்.

அதற்குப் பதில் வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. மோட்டார் ரூம்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அரைமனதாக, "அந்தம்மா பொய் சொல்லாதுங்க" என்றார். "எங்க ஓட்டை உடைச்சது யாருன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே ஊட்டுக்கு வந்து சொன்னதுங்க."

"இன்னும் யாரு யாரு தின்னாங்கன்னும் கேளுங்க" என்றார் அத்தை. "வரிசையாச் சொல்றேன். ஒரு ஆளையும் உட மாட்டேன். எனக்கு மறைச்சுப் பேச வராது. மொதல்ல..."

ஞானதாஸின் விக்கல் சட்டென்று நின்றது.

"சார்" என்றார் அவசரமாக. "சார், ஒரு நிமிசம்."

ரேஞ்சர் திரும்பி அவரைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு காக்கிச் சட்டையின் மார்பில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுதிய தாளைக் கிழித்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காபி டம்ளரை எடுத்தார். அது காலியாக இருந்தது, இருந்தும் குடித்தார்.

"அம்மா, நீங்க உக்காருங்க. இனி ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்றார். "ஏனுங்க ஞானதாஸ், மம்முட்டி எங்கே இருக்குதுன்னு பாருங்க. பொதைச்சுப்போடலாம்."

அன்று எழுதியனுப்பிய அறிக்கையில் இப்படித்தான் இருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்: ஆளைக் காப்பாற்றச் சுடப்பட்டது, உடல் அதே இடத்தில் புதைக்கப்பட்டது. மிச்சமிருந்த அளவுக்கு அது உண்மைதான்.

வாழைக்கும் சாளைக்கும் நடுவே குழி தோண்டினார்கள். தலையும் தோலும் எலும்பும் அண்டாவில் இருந்ததும் உள்ளே போயின. அத்தை துளசியைப் போட்டுக் கற்பூரம் காட்டினார். ரேஞ்சர் பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றார். ஞானதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். சர்க்கார் சொத்துக்கு இவ்வளவு மரியாதை எந்த ஆபீசிலும் கிடைத்திருக்காது.

அடுத்த வாரம் ஞானதாஸ் தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுத்தார். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாது என்று அதில் ஊரிலிருந்து வந்த நேந்திரங்காய்ச் சிப்ஸ் இருந்தது. கருப்பாத்தாளின் கால் ஆறப் பொங்கல் ஆகிவிட்டது. தழும்பைக் காட்டி, "அது என்னைக் கடிச்சுது, நான் அதைக் கடிச்சேன், நேராப் போச்சு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

மாவிளக்கு

அன்று சாயங்காலம் நான் அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, விளக்குப் பிடித்து, அத்தையைக் கூப்பிட்டேன். அவர் தொழுவத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"நீயே போடு கண்ணு. எனக்கு இன்னிக்கு வெரதம் இல்லை."

"தண்ணி குடிச்சதைச் சொல்றீங்களா? படபடப்புல குடிச்சீங்க. பெருமாள் அதுக்கெல்லாம் கோவிச்சுக்குவாருங்களா?"

ஊரில் அதற்குள் பேச்சு கிளம்பியிருந்தது. ஆண்டாளம்மா புரட்டாசியில் பன்றி தின்றாராம் என்று கோயில் வரைக்கும் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை பஜனையில் அவருக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று எனக்கே தெரியவில்லை. மருதனுக்காக இந்த மனுஷி தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. மூன்று வருடமாக இவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் இவர் எனக்கும் அம்மா என்று தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, நல்லதுக்குத்தானுங்களே சொன்னீங்க. ஒரு தடவை பொய் சொன்னாப் பரவாயில்லீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், என் சாம்பாரை முதல்முதலில் வாயில் வைத்த அன்று பார்த்த அதே பார்வை.

"எனக்கு எப்பக் கண்ணு பொய் வந்துருக்குது? சாளைக்குப் போயி ஒரு துண்டு எடுத்து வாயில போட்டு, முழுங்கிப்போட்டுத்தான் அந்தாளு முன்னாடி வந்து நின்னேன்."

அவர் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்."